ஒரு வீட்டில் இரண்டு நூற்றெட்டு

கட்டிய புருஷனின் முகத்தைப் பார்ப்பதற்கு இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் விலை, அரைமணிக்கு அறுபது ரூபாய். பேரம் கிடையாது. அந்த அறுபதையும் கட்டியது பார்க்கிறவர் இல்லை, பார்க்கப்பட்டவர். யாழ்ப்பாணத்தில் ஓர் இன்டர்நெட் கடையில் மாலை ஐந்திலிருந்து ஐந்தரை வரைக்கும் ஒரு கதிரையைச் சொல்லிவைத்திருந்தார் விமலநாதன். ஐந்தரைக்கு எழும்பினால்தான் ஊரடங்குக்கு முன், தங்கியிருந்த பெரியம்மா வீட்டுக்குச் சைக்கிளில் போய்ச் சேரலாம். இந்தப் பக்கம், கண்டி மஹய்யாவவில், கந்தோர் முடிந்து ஓடிவந்து, முகம் கழுவி, பவுடர் பூசி, ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார் அவர் மனைவி கமலாசனி. நான் புடவைக்கடைக்காரன் மகன். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் என் விரல் தானாக அதன் விலையைத் தடவும். அந்த அரைமணியை மட்டும் எனக்கு மதிப்பிடத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கவனமாக வேலை செய்திருப்பேன்.

விமலநாதன் நாலு நாளில் வருகிறேன் என்று சொல்லிப் போனவர். நல்லூரில் இருக்கும் காணியின் உறுதிப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. அனுப்பிவைத்தது அதே மஹய்யாவ வீட்டில் இருக்கும் அவருடைய அப்பா தம்பிராஜா. கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கையெழுத்துக் குறைந்த கடதாசி ஒன்று வீட்டில் கிடந்தால் அவருக்கு நித்திரை வராது. மகன் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதையை மூடினார்கள். பிறகு கப்பல் என்றார்கள். கப்பலுக்குப் பாஸ் வேண்டும் என்றார்கள். பாஸுக்கு ஒரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு இன்னொரு கடிதம் என்று ஏழு மாதம் போயிற்று. முதல்முதல் கமராவில் அப்பாவைக் கண்டபோது விமலநாதன் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “உங்கட உறுதி பத்திரமாக் கிடக்குது. நான்?” அதற்குப் பிறகு தம்பிராஜா ஐயா அந்தக் கமராவுக்கு முன்னால் வரவில்லை.

அந்தக் கம்ப்யூட்டரை விற்றவன், இணைப்பைப் பூட்டியவன், பழுதென்றால் பார்ப்பவன் எல்லாம் நான்தான். பெயர் சேதுராமன். அப்பாவுக்குக் கொழும்பு வீதியில் கடை இருந்தது. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அது எரிந்தபோது எனக்கு ஏழு வயது. எரிந்ததில் மிஞ்சியது கல்லாப்பெட்டியின் இரும்பும் அப்பாவின் வாயும். அந்த வாயை முதலாகப் போட்டே இன்னொரு கடை திறந்தார். சேலையின் சாயம் போனால் வாடிக்கையாளர் வீட்டுச் சவர்க்காரத்தைச் சொல்வார். நூல் பிரிந்தால் மில்லைச் சொல்வார். கடையைச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான் துணியை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தேன். வாயை விட்டு வரவில்லை.

ஒரு வீட்டுக்குள் இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓர் இலக்கம் வேண்டும். வீதியில் வீடுகளுக்கு இலக்கம் இருப்பது மாதிரித்தான். விட்டால் ரவுட்டர் தானாகவே ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இலக்கம் கொடுத்துவிடும். நான் விடமாட்டேன். சும்மா நடக்கிற காரியத்துக்கு யார் காசு தருவார்கள்? நானே உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, இலக்கத்தை என் கையால் பதிவேன். இந்துக்களின் வீடென்றால் நூற்றெட்டு. “உங்க மெஷினுக்கு நூத்தெட்டு போட்டிருக்கேன்” என்றால் அந்த வீட்டு அம்மாவின் முகம் மலரும். கூலியில் பேரம் பேசமாட்டார். கட்டுகஸ்தோட்டை ஹபீல் நானா எழுநூற்றெண்பத்தாறு கேட்டார். இலக்கம் இருநூற்றைம்பத்தைந்துக்கு மேல் போகாது என்றேன். “என்னடா தம்பி, இவ்வளவு பெரிய மெஷினு, இதுக்கு மேல எண்ணத் தெரியாதா?” என்றார். எழுபத்தெட்டு என்றும் ஆறு என்றும் பிரித்து இரண்டு இடத்தில் போட்டுக்கொடுத்தேன். நானா எனக்குப் பிரியாணி கொடுத்து அனுப்பினார். திரேசா மிஸ் மட்டும், “எதையாவது போடுங்க, பதிமூணு மட்டும் வேணாம்” என்றார்.

இப்படித்தான் கண்டி முழுக்க நூற்றெட்டாகப் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு ஓர் இயந்திரம் இருந்த காலம் அது. ஒரு குறையும் வரவில்லை.

அந்த வருடம் ஜனவரியில் பேராதனை வீதி நகைக்கடை நடராஜா குடும்பத்தோடு சென்னைக்குப் புறப்பட்டார். வீட்டுச் சாமான்களை விற்றுக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் டிவியில் பூட்டி விளையாடும் பெட்டி ஒன்று இருந்தது. அதை யாரிடம் தள்ளலாம் என்று யோசித்தபோது எனக்குத் தம்பிராஜா ஐயா நினைவுக்கு வந்தார். அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு விளையாட்டுப் பெட்டி விற்றவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் யோசித்துத்தான் விற்றேன். சமாதான காலத்தில் பாதை திறந்திருந்த நாலு வருடமும் அவர் தன்னுடைய பழைய மொரிஸ் மைனரைத் தானே ஓட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்வந்தவர். பாதை மூடிய பிறகு காரை விற்றார். கோயிலுக்குக்கூட நடப்பதில்லை, வழியில் செக்பொயின்ட், அதில் ஒவ்வொரு முறையும் அடையாள அட்டை.

“ஐயா, இதுல கார் ஓட்டலாம்” என்றேன்.

“எந்தப் பாதையில?”

“எந்தப் பாதையிலயும். மூடவே மாட்டாங்க.”

வாங்கிவிட்டார். பெட்டியை நானே தூக்கிவந்து, அவருடைய அறையில் டிவியோடு பூட்டி, ரவுட்டரிலிருந்து சுவரோரமாகக் கேபிள் இழுத்து ஆணி அடித்தேன். போட்டதும் இணைப்பு எடுத்தது. ஒரு அமைப்பையும் தொடவேண்டி வரவில்லை. என் கைராசி என்று சொல்லிக்கொண்டேன்.

வேறு வேறு நாட்டுக்காரர்களோடு சேர்ந்து ஓட்டும் கார்ப் பந்தயம் அது. ஐயா நாற்பது மைலுக்கு மேல் போகமாட்டார். வளைவில் வேகம் குறைப்பார். எல்லாரும் ஓடி முடித்து அடுத்த பந்தயத்துக்குக் காத்திருக்கும்போது இவர் தனியாக, இடப்பக்கத்தை விட்டு விலகாமல், பனை போல ஏதோ மரங்கள் நிற்கும் ஒரு பாதையில் போய்க்கொண்டிருப்பார். காதில் மாட்டும் கருவியில் யாரோ பொடியன்கள் ஆங்கிலத்தில் திட்டுவார்கள். “தம்பி, இவங்கள் என்னை என்னவோ சொல்லுறாங்கள். என்ன சொல்லு அது?” என்று ஒருநாள் கேட்டார். “பெரியவங்களுக்குச் சொல்ற மரியாதைச் சொல்லுதான் ஐயா” என்றேன். “அப்பிடியும் தெரியேல்ல” என்றார்.

பெப்ரவரியில் கமலாசனி அக்காவிடமிருந்து முதல் அழைப்பு வந்தது. கதைத்துக்கொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்துபோகிறது என்றார். அடுத்த நாள் காலை போனேன், பார்த்தேன், எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. டெலிபோன் வயரை மாற்றினேன். இரண்டு நாளில் மறுபடி அழைப்பு. ரவுட்டரை மாற்றினேன். மறுபடி.

“சேது, கதைக்கேக்க கீழ மூலையில ஒரு மஞ்சள் பெட்டி வந்து வந்து போகுது. இங்கிலீசில என்னவோ எழுதிக் கிடக்கு. அதுக்குப் பிறகுதான் அவர் நிண்டுடுறார்.”

“அது சும்மா வரும் அக்கா. மூடிட்டுப் பேசுங்க.”

அந்த மஞ்சள் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒரு வரிதான். கேட்டிருந்தால் போனிலேயே காரியம் முடிந்திருக்கும்.

ஐந்து மணிக்கு ஒருநாள் நேரில் வந்து பாருங்கள் என்று அவர் பலமுறை கேட்டார். நான் காலையில்தான் போனேன். என் பையில் இருப்பது வயர், பிளையர், மின்கலம், ஒரு சிறிய மின்மானி. மாலையில் மஹய்யாவ செக்பொயின்டில் அந்தப் பையோடு பிடிபட்டால், ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்து, “மே மொகத?” என்று கேட்கக் கேட்க, இது என்ன, இது எதற்கு என்று சிங்களத்தில் விளக்கி முடிய ஒரு மணி நேரம் ஆகும். போதாததற்குப் பெயரும் தமிழ்ப் பெயர், சேதுராமன். காலையில் ஆட்கள் அவசரத்தில் இருப்பார்கள், விட்டுவிடுவார்கள். அதனால் வராமலிருக்க ஒரு கெட்டிக்கார வழி கண்டுபிடித்தேன். “ஒரு கொப்பி போடுங்க அக்கா. எத்தனை மணிக்குப் பேச ஆரம்பிச்சீங்க, எத்தனை மணிக்குக் கட் ஆச்சு, கடைசியா என்ன பேசிட்டு இருந்தீங்க, எல்லாம் எழுதுங்க. கடைசிப் பத்தியில ‘காரணம்’னு போட்டு வெறுமையா விடுங்க. அதை நான் நிரப்புறேன்.” பெரிய நிபுணன் மாதிரி இருந்தது. அவரும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டுக் கொப்பியைத் தொடங்கினார்.

மூன்று வாரம் கழித்துக் கொப்பியைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. நான் கேட்டது தேதியும் நேரமும். அவர் எழுதியிருந்தது: “குசினி யன்னல் கொளுக்கியை மாத்தச் சொல்லி—”, “நேற்று கனவில நீர் அந்தப் பச்சைச் சேலை—”, “பெரியம்மாவுக்குக் காது இப்ப முழுக்க—”. ஒவ்வொரு வரியும் பாதியில் நின்றது. நேரத்தைப் பார்த்தேன். அவர்கள் எத்தனை மணிக்குத் தொடங்கினாலும் சரி, தொடங்கிப் பத்துப் பதினொரு நிமிடத்தில் அறுந்திருந்தது. டெலிபோன் லைன் அப்படி மணி பார்த்துப் பழுதாகாது. அடுத்த நாள் பிளையரை வீட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு, ஐந்து மணிக்குப் போனேன்.

அது மார்ச் மாதம், வியாழக்கிழமை. விமலநாதன் திரையில் வந்தார். படம் கட்டம் கட்டமாக உடைந்து சேர்ந்தது. தாடி வளர்ந்திருந்தது. என்னைக் கண்டு, “ஆ, டொக்டர் வந்திருக்கிறார்” என்றார். அக்கா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பின்னால் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வாசலுக்கு அப்பால் நடை தெரிந்தது. நடையில், சுவரோடு சாய்ந்து, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு தம்பிராஜா ஐயா நின்றார். குடிக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றார்.

ஏதேதோ கதைத்தார்கள். சீனி விலை, பெரியம்மாவின் காது. பிறகு விமலநாதன் கேட்டார்: “அப்பா என்ன செய்யிறார்?”

“இருக்கிறார். அவருக்கென்ன.”

“சாப்பிடுறாரே?”

“ஓம், சாப்பிடுறார்.”

ஐயா கோப்பையை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போனார். அந்தக் கேள்விக்காகத்தான் ஒவ்வொரு நாளும் நின்றிருக்கிறார். கேட்டாயிற்று, இனி நிற்கவேண்டியதில்லை. உள்ளே டிவி போடும் சத்தம் கேட்டது. பிறகு பெட்டி விழிக்கும் அந்தச் சின்ன மணியோசை.

திரையில் விமலநாதன் கொஞ்சம் முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினார். “கமலா, ஒரு விசயம். நாளைக்கு விடிய பாஸ் விசயமா ஒரு ஆளோட போறன். அவர் ஆரெண்டா—”

வாய் திறந்தபடியே படம் நின்றது. கீழ் மூலையில் மஞ்சள் பெட்டி எழும்பியது. இந்த முறை நான் அதை வாசித்தேன். இதே இலக்கத்தோடு இன்னோர் இயந்திரம் இந்த வீட்டில் இருக்கிறது என்று எழுதியிருந்தது.

எனக்கு விளங்க ஒரு கணம்கூட ஆகவில்லை. நடராஜா வீட்டில் இருந்தபோது அந்தப் பெட்டிக்கும் நான்தான் இதே நூற்றெட்டைப் போட்டேன். ஒரு வீதியில் ஒரே இலக்கத்தில் இரண்டு வீடு இருந்தால், கடைசியாக எந்தக் கதவு திறந்ததோ அங்கேதான் தபால்காரன் போவான். ஐயா பெட்டியைப் போடுகிற ஒவ்வொரு முறையும் மகனுடைய குரல் கம்ப்யூட்டரை விட்டு, என் நல்ல இலக்கத்தின் பின்னால், அந்த அறைக்குள்ளே போய் வீணாகியிருக்கிறது.

“என்ன சேது? என்ன இது?”

வாயைத் திறந்தேன். எரிந்த கடையில் தப்பிய வாய் அது.

“ஐயாவோட பெட்டிதான் அக்கா. அதான் லைனை இழுக்குது.”

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அப்பாவும் அப்படித்தான், பொய் சொல்லமாட்டார், பாதியில் நிறுத்திக்கொள்வார்.

அக்கா எழுந்து அறை வாசலுக்குப் போனார். சத்தம் போடவில்லை. “மாமா, நீங்கள்தான் இவ்வளவு நாளும் அவரைக் கட் பண்ணிக்கொண்டிருந்தனீங்கள்” என்றார், அவ்வளவுதான். ஐயா திரும்பிப் பார்த்தார். கையில் கார் ஓட்டும் கருவி அப்படியே இருந்தது; திரையில் அவருடைய கார் பாதையை விட்டு விலகி, புல்லில் ஏறி, ஒரு வேலியில் முட்டிக்கொண்டு நின்றது. நான், “கொஞ்சம் இருங்க, ஒரு அமைப்பு மாத்தணும்” என்று அவரிடமிருந்து கருவியை வாங்கி, இருவருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, நூற்றெட்டை நூற்றொன்பதாக்கினேன். இரண்டு நிமிடம். கடைசி எட்டை அழித்து ஒன்பது போடுகிற வேலை.

மறுபடி அழைத்தபோது அந்தப் பக்கம் எடுக்கவில்லை. காத்திருந்துவிட்டுக் கதிரையை விட்டிருப்பார். “பரவாயில்லை, நாளைக்குக் கேட்டாப் போச்சு” என்று சொல்லிக்கொண்டே அக்கா பழக்கத்தில் கொப்பியை எடுத்து அன்றைய வரியை எழுதினார். நான் புறப்படும்போது, “காரணத்தை நிரப்பிக்கொண்டு தாங்கோ” என்று கொப்பியை என்னிடமே கொடுத்தார்.

அடுத்த நாள் இணைப்பு பளிங்கு மாதிரி இருந்ததாம். ஐந்தரை வரைக்கும் ஒரு மஞ்சள் பெட்டியும் வரவில்லை. யாரும் வரவில்லை.

விமலநாதன் காலை ஆறு மணிக்குச் சைக்கிளில் போனவர் என்று யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா சொன்னார். யாரோடு, எங்கே என்று அவருக்குக் கேட்டிருக்காது.

ஆளைக் காணவில்லை என்ற முறைப்பாட்டுப் படிவங்கள் நிரப்ப அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். ஒரு கட்டத்தில் கடைசியாகத் தொடர்புகொண்ட நேரம் கேட்டிருந்தது. ஐந்து பதினொன்று என்றார். அடுத்த கட்டத்தில், யாருடன் எங்கே போவதாகச் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். “சேது, நீங்களும் கேட்டனீங்கள்தானே. ‘ஒரு ஆளோட’ எண்டதுக்குப் பிறகு ஏதாவது பேர் விழுந்ததோ? எனக்குத்தான் கேக்கேல்லையோ?” இல்லை என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார்.

ஏப்ரலில் ஒருநாள் தம்பிராஜா ஐயா என்னைப் படலை வரைக்கும் கூட வந்து வழியனுப்பினார். அப்படி வருகிறவர் இல்லை.

“தம்பி, ஒண்டு கேக்கிறன், உள்ளதைச் சொல்லும். அண்டைக்கு நான் பெட்டியைப் போடாம விட்டிருந்தா அவன் சொல்லி முடிச்சிருப்பான், என்ன?”

சொல்லியிருக்கலாம். படலைக்கு வெளியே ஒருவரும் இல்லை. ‘ஐயா, பெட்டியில் பிழையில்லை, உங்கள் விரலிலும் பிழையில்லை, நான் போட்ட இலக்கம்’ என்று சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும்? எட்டை ஒன்பதாக்குகிற நேரம்.

“லைனும் மோசம்தான் ஐயா” என்றேன். “அன்னைக்கு மழை வேற.”

அன்று மழை பெய்யவில்லை. அவருக்கும் அது தெரியும். நாற்பது வருடம் கடதாசி பார்த்தவர். பொய்யான ஆவணத்தைக் கண்டால் எதிர்த்துப் பேசாமல் மடித்து வைக்கத் தெரிந்தவர். தலையாட்டிவிட்டுப் படலையைச் சாத்தினார்.

இப்போது பாதை திறந்துவிட்டது. கண்டியிலிருந்து நேராக யாழ்ப்பாணத்துக்கு பஸ் போகிறது. ஐயா ஏறவில்லை. விளையாட்டுப் பெட்டி அவருடைய அறையில் அலுமாரிக்கு மேலே, கேபிளை ஒழுங்காகச் சுற்றி, நூலால் கட்டி வைத்தபடி இருக்கிறது. கமலாசனி அக்கா இன்றைக்கும் ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டு ஐந்தரைக்கு நிறுத்துகிறார். மாதம் ஒருமுறை நான் போய் இணைப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன். காசு வாங்குவதில்லை. அதை என்னுடைய நல்ல மனசு என்று அவர் அயலில் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் கேட்டார்: “சேது, அந்தக் கொப்பி உங்களிட்டக் கிடக்கோ? அவர் கடைசியாக் கதைச்சது எல்லாம் அதிலதானே.”

“தேடிப் பாக்குறேன் அக்கா.”

தேடத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் அது என் பையில்தான் போகிறது, பையில்தான் திரும்பி வருகிறது. கொடுத்தால் நிரப்பிக் கொடுக்கவேண்டும். இன்றும் அவர் வீட்டுப் படலைக்கு எதிரே மதிலில் உட்கார்ந்து அதை விரித்துவைத்தேன். உள்ளே ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டர் விழிக்கும் ஓசை கேட்டது. பேனையை எடுத்தேன். எழுதவேண்டியதை எழுதாமல், பழக்க தோஷத்தில், கூட்டிப் பார்த்தேன். நாட்கள் இருபத்து மூன்று. நாளுக்கு முப்பதாக அறுநூற்றுத் தொண்ணூறு நிமிடம். கதைத்தது இருநூற்றைம்பத்தொன்று. நிலுவை நானூற்று முப்பத்தொன்பது. காரணம் என்ற பத்தியில், முதல் வரியிலிருந்து “அவர் ஆரெண்டா—” வரைக்கும், வெள்ளைக் கடதாசி.